சாய்ந்த தரை: பிழை வீட்டிலா, மலையிலா?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பழைய வீடொன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். தகரம் கறள் பிடித்திருக்கிறதா, மழைக்கு ஒழுகுமா என்று கேட்பார்கள். பிறகு தண்ணீர், பாதை, மின்சாரம், உறுதி என்று பேச்சு வளரும். தரை சற்றுச் சாய்ந்திருந்தால் மட்டும் "பழைய வீடுதானே, ஒரு சீமெந்துப் பூச்சுப் போட்டால் சரியாகிவிடும்" என்ற ஒரே வாக்கியத்தில் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்த இரு மாவட்டங்களும் அடங்கிய சப்ரகமுவவின் மலைச்சரிவுகளில் அந்த வாக்கியம் பல வேளைகளில் உண்மை. சில வேளைகளில் அது உயிரைப் பறிக்கும் பொய். எது எப்போது என்று அறிவது எப்படி? இந்தக் கேள்விக்கு மனை நூல்களும் மேசன்மாரும் பொறியியலாளரும் புவிச்சரிதவியலாளரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் எங்கிருந்து பிறந்தது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

குழி வெட்டிப் பார்த்த காலம்

மிகப் பழைய விடை தரையை விட்டுவிட்டு மண்ணைக் கேட்கிறது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சங்கிதை மனை தேர்வுக்கு ஒரு சோதனை சொல்கிறது. ஒரு முழ ஆழக் குழி வெட்டி, எடுத்த மண்ணை அதற்குள்ளேயே திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை, மட்டமாக நிரம்பினால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. குழியில் நீர் ஊற்றி, நூறு எட்டு நடந்துபோய்த் திரும்பி வந்து, எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்கும் முறையும் அதில் உண்டு. தமிழில் புழங்கும் மனை நூல்களின் மரபும் இதை ஒட்டியதே.

இந்தச் சோதனையைச் சடங்கென்று ஒதுக்க வேண்டியதில்லை. இறுகப் படிந்த இயற்கை மண்ணைத் தோண்டினால் அது உதிர்ந்து கன அளவில் பெருகும், ஆகவே மிஞ்சும். யாரோ கொட்டி நிரப்பிய தளர்ந்த மண் திரும்பப் போடும்போது அமுங்கிக் குறையும். நீர்ச் சோதனை மண்ணின் உறிஞ்சும் தன்மையைக் காட்டுகிறது. இன்றைய மண் பரிசோதனைக்கூடம் செய்வதன் எளிய வடிவம் இது.

ஆனால் ஒரு முழம் என்பது மிகச் சிறிய ஆழம். சப்ரகமுவவில் நிலம் வழுக்கும் தளம் பெரும்பாலும் பல மீற்றர் கீழே கிடக்கிறது. தவிர, இந்தச் சோதனை வெறுமனையாகக் கிடக்கும் நிலத்துக்கானது. நூறு வருடம் குடியிருந்த வீட்டின் அடியில் என்ன இருக்கிறது என்பதை முற்றத்துக் குழி சொல்லிவிடாது.

மேசனின் விடை

இரண்டாவது விடை தோட்டத்திலேயே பிறந்தது. அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதை நினைவுபடுத்த வேண்டும்.

கோப்பிக் காலத்துக்குப் பின் தேயிலையும் இறப்பரும் பரவியபோது எழுந்த லயன்கள் மலையின் சம உயரக் கோட்டை ஒட்டி நீளவாக்கில் அமைந்தவை. மேற்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, கிடைத்த ஒடுங்கிய மட்டத்தில் கருங்கல்லைக் களிமண்ணோ சுண்ணாம்போ வைத்து அடுக்கி எழுப்பிய சுவர்கள்; மேலே தகரம்; உள்ளே ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள். தரை சாணம் மெழுகிய மண். சீமெந்து பிறகு வந்தது. ஆகவே பல வீடுகளில் காம்பராவின் பின்பாதி வெட்டிய கெட்டி நிலத்திலும், முன்பாதியும் இஸ்தோப்பும் கொட்டிய மண்ணிலும் நிற்கின்றன. கொட்டிய மண் வருடக்கணக்காக அமுங்கும். முன்பக்கம் தாழும். இஸ்தோப்புக்கும் காம்பராவுக்கும் இடையே சுவரோடு இணையான ஒரு கோடு பிளக்கும்.

இதைக் கண்ட மேசன் பாஸ் சொல்வது: "மண் இருந்துவிட்டது, இனி இறங்காது. மட்டம் பார்த்து மேலே பூசிவிடலாம்." அவருடைய கூற்றுக்கு அனுபவத்தின் பலம் இருக்கிறது. கொட்டிய மண்ணின் அமுக்கம் காலத்தோடு குறைவது உண்மைதான். எத்தனையோ லயன்கள் அப்படித்தான் அமர்ந்து நிலைத்துவிட்டன.

பலவீனம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, அமுங்கி முடிந்த மண்ணும் மீண்டும் இறங்கக்கூடும். கூரை நீரை ஏந்தும் பீலி உடைந்தாலோ, பின்புறக் கான் அடைபட்டு மழைநீர் சுவரடிக்குள் புகுந்தாலோ நிரப்பிய மண் மறுபடியும் குழையும். கேகாலைப் பக்கம் பழைய இறப்பர்க் காணிகளைத் துண்டு போட்டுக் கட்டிய வீடுகளில், பிடுங்காமல் மூடிய மரக்குற்றிகள் மண்ணுக்குள் உக்கி, வருடங்கள் கழித்துத் தரை குழிவதும் நடக்கக்கூடியது. கறையான் செய்யும் வேலையும் இதே வகை.

இரண்டாவது பலவீனம் பெரியது. பூச்சு சாட்சியை அழித்துவிடுகிறது. வீட்டை விற்கும் முன் போடப்படும் புதுச் சீமெந்து, அந்தத் தரை எத்தனை வருடத்தில் எவ்வளவு இறங்கியது என்ற ஒரே பதிவையும் மூடிவிடும். பழைய வீட்டில் ஒரு காம்பராவின் தரை மட்டும் புதிதாகப் பளபளத்தால், வாங்குகிறவர் மகிழ்வதைவிட விசாரிப்பதே நல்லது. தடி கொண்டு தட்டிப் பார்த்தால் அடியில் வெற்றிடம் உள்ள இடம் வேறு ஓசை தரும்.

லயன் அமைப்புக்கே ஒரு பயன் உண்டு. அதை இதுவரை யாரும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது. ஒரே கோட்டில், ஒரே முறையில், ஒரே காலத்தில் கட்டிய பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் இயல்பாகவே ஓர் அளவுகோலாகி நிற்கின்றன. பிளவு ஒரு காம்பராவில் மட்டும் இருந்தால் பிழை அந்தக் காம்பராவுக்கு உரியதாக இருக்க வாய்ப்பு அதிகம்: உடைந்த குழாய், அடைபட்ட கான், பிற்காலத்தில் இழுத்துக் கட்டிய குசினி. அதே பிளவு பக்கத்துக் காம்பரா, அதற்கடுத்தது, வெளியே பாதை, பாதைக்கு அப்பால் தேயிலைச் செடிகளுக்கு இடைப்பட்ட நிலம் என்று தொடர்ந்தால், பேச வேண்டியது வீட்டைப் பற்றியே அல்ல. விலை பேசுவதற்கு முன் அயலவர் தரையையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒன்றின் கீழ் முந்நூறு

பொறியியலாளர்களின் விடை எண்ணில் வருகிறது. 1956இல் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 98 கட்டடங்களின் அமர்வைத் தொகுத்து ஆராய்ந்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே அமர்வு வேறுபாடு அவற்றின் தூரத்தில் 300இல் ஒரு பங்கைத் தாண்டினால் சுவர்களில் வெடிப்புத் தோன்றலாம் என்றும், 150இல் ஒரு பங்கைத் தாண்டினால் கட்டமைப்பே பழுதாகலாம் என்றும் வரையறுத்தார்கள். பத்தடிக் காம்பராவுக்கு இதைப் பொருத்தினால் முதல் எல்லை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர், இரண்டாவது 20 மில்லிமீற்றர்.

பின்னர் பைசா கோபுரத்தைக் காப்பாற்றிய குழுவில் இருந்த ஜோன் பேர்லண்ட், 1970களில் பிறருடன் சேர்ந்து வெடிப்பின் அகலத்தை வைத்துச் சேதத்தை வகுத்தார். 1 மில்லிமீற்றர் வரை வர்ணப்பூச்சோடு மறையும். 5 வரை நிரப்பிப் பூசினால் போதும். 15ஐத் தாண்டினால் சுவர்ப் பகுதியை உடைத்துக் கட்ட வேண்டிவரும். 25க்கு மேல் கட்டடம் நிற்குமா என்பதே ஐயம். பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதை ஏற்றுப் பரப்பியது. இன்றும் உலகெங்கும் வீடு பார்க்கும் பொறியியலாளர்கள் இந்த அட்டவணையைப் புரட்டுகிறார்கள்.

இந்த முறையின் சிறப்பு, பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே ஓர் அளவை வைத்தது. செலவும் குறைவு. நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் ஒரு முனையை ஒரு மூலையிலும் மறுமுனையை அடுத்தடுத்த மூலைகளிலும் பிடித்தால் நாலு மூலையின் உயர வேறுபாடும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எந்த மேசனிடமும் அந்தக் குழாய் இருக்கிறது.

ஆனால் இந்த எண்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன. தரை முதலில் மட்டமாக இருந்தது என்ற எடுகோள் இங்கே செல்லாது. கழுவிய நீர் வெளியே ஓடுவதற்காக வேண்டுமென்றே சரிவாகப் போட்ட தரைகள் ஏராளம். களிமண்ணில் அடுக்கிய கருங்கல் சுவர் வளைந்து கொடுக்கும். செங்கல்லும் சீமெந்தும் வெடிக்கும் இடத்தில் அது வெடிக்காமல் நிற்கும், ஆகவே வெடிப்பில்லாமை நலத்துக்குச் சான்றாகாது. மூன்றாவதே மிக முக்கியமானது: வீடு முழுவதும் ஒரே பாளமாகச் சாய்ந்தால், அல்லது மலையோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தால், அமர்வு வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும். அளவுகள் எல்லாம் எல்லைக்குள் இருக்க, நிலம் போய்க்கொண்டிருக்கும்.

கொழும்பில் பழைய தொடர்மாடி வீடு வாங்குகிறவருக்கு இந்தக் கவலை வேறு வடிவில் வருகிறது. மேல்மாடித் தரை குழிந்திருந்தால் அங்கே சந்தேகம் கொங்கிறீட் பலகையின் தொய்வில். இலங்கையில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட பிரித்தானிய விதிமுறை நீளத்தில் 250இல் ஒரு பங்கு வரை தொய்வை ஏற்றது. அத்திவாரம் பொதுச் சொத்து என்பதால் அதைத் திருத்தும் முடிவும் தனியொருவர் கையில் இல்லை. சப்ரகமுவவின் ஒற்றைத் தள வீட்டில் தரைக்கும் மலைக்கும் நடுவே அப்படியொரு பலகையோ பொது அத்திவாரமோ இல்லை.

மலை நகரும்போது

2003 மே 17இல் இரத்தினபுரியைப் பெருவெள்ளமும் மண்சரிவுகளும் சூறையாடின. 2016இல் அதே மே 17. மூன்று நாள்களில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டிய பின் அரநாயக்கவின் சாமசர மலை உடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் பாய்ந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களைப் புதைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அன்றே புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் குடியிருப்புகள் புதையுண்டன. 2017 மே இறுதியில் மீண்டும் இரத்தினபுரி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையக மாவட்டங்களில் இழப்பின் பெரும்பங்கு மண்சரிவால் வந்தது.

1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவிச்சரிதவியலாளர்கள் தரும் விடை இந்த அனுபவத்தின் மேல் நிற்கிறது. அவர்களுக்குத் தரை ஒரு தனிப் பொருள் அல்ல. தரைப் பிளவு, திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்த பீலியில் கலங்கல் நீர், சாய்ந்த மரங்கள், இறுகிப்போன கதவு நிலை, நிலத்தில் பிறை வடிவில் ஓடும் வெடிப்பு எல்லாம் ஒரே அறிக்கையின் வரிகள். கொட்டிய மண் அமுங்கினால் தரை கீழ்நோக்கி மட்டும் இறங்கும். மலை நகர்ந்தால் தரை சுவரைவிட்டுப் பக்கவாட்டிலும் விலகும். கைவிரல் நுழையும் இடைவெளி விழும். அது ஒவ்வொரு மழைக்காலமும் அகலும்.

மழைக்கும் அவர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம்.

இந்த விடையே சப்ரகமுவவுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் அதற்கும் வரம்புகள் உண்டு. 1:10,000 அளவிலான அபாய வரைபடத்தில் பத்து மீற்றர் அகல வீடு ஒரு மில்லிமீற்றர். ஒரு சரிவு ஆபத்தானது என்று வரைபடம் சொல்லும். இந்த வீடா, அடுத்த வீடா என்று சொல்லாது. வெடித்த எல்லா மலைகளும் சரிவதில்லை. பத்து வருடம் பிளவோடு நிற்கும் சரிவுகள் இருக்கின்றன. மக்கள் எச்சரிக்கையில் நம்பிக்கை இழப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை வந்தபோது மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்லாமல் அந்த எச்சரிக்கையைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

மற்றொரு வரம்பு வீடு வாங்குபவருக்கு நேரடியாக உரியது. அரநாயக்கவில் புதைந்த பல வீடுகள் உடைந்த சரிவின் மேல் நிற்கவில்லை. அது பாய்ந்த வழியில், கீழே நின்றன. அத்தகைய வீட்டின் தரை கடைசி நாள்வரை மட்டமாகவே இருந்திருக்கக்கூடும். மட்டமான தரை, மேலே இருக்கும் மலையைப் பற்றி எந்த உறுதியும் தராது.

காலடியில் வெற்றிடம்

இரத்தினபுரிக்குச் சிறப்பாக உரிய சந்தேகம் ஒன்று உண்டு. பள்ளத்தாக்குகளின் வண்டலுக்கு அடியில் இல்லம எனப்படும் மாணிக்கச் சரளைப் படை கிடக்கிறது. அதைத் தேடிக் குழி இறக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, அடியில் பக்கவாட்டில் சுரங்கம் ஓட்டுவது தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மாணிக்கக்கல், ஆபரண அதிகார சபை உரிமம் வழங்கும்போது குழியை மூடுவதற்கு வைப்புப்பணம் வாங்குகிறது. உரிமம் இன்றித் தோண்டியதும், சட்டத்துக்கு முன் தோண்டியதும் அந்தக் கணக்கில் வராது. மூடிய குழியும் தளர்ந்த மண்தான். முட்டுமரம் உக்கியபின் மேலேயுள்ள நிலம் வட்டமாகக் குழிவது இந்த வகைக்கு அடையாளம். பெல்மதுளை, நிவித்திகலை போன்ற பகுதிகளில் வயலோரத் தாழ்நிலத்தில் வீடு பார்ப்பவர் இந்தக் கேள்வியை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதே சரி. எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு அது தெரியும்.

இயற்கையே வெட்டிய வெற்றிடமும் இருக்கிறது. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ நீர்த்தேக்கத்தை 1992இல் நிரப்பத் தொடங்கியபோது வலது கரையின் குகைபட்ட சுண்ணக்கல் வழியே நீர் பீறிட்டது. அந்தக் கசிவு பின்னும் நிற்கவில்லை. நிலத்தடி நீர் திடீரென வற்றினாலும் தரை இறங்கும் என்பதற்கு அயல் மாகாணமான ஊவா சான்று: 2014 டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நீர் புகுந்தபின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. இந்தக் காரணங்கள் அரியவை. ஆனால் வந்தால், மேசனின் பூச்சுக்கும் பொறியியலாளரின் எண்ணுக்கும் அகப்படாமல் வரும்.

உறுதி சொல்வது எவ்வளவு?

இலங்கையில் காணி கைமாற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும். பெருந்தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுக்குரியது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அதை 53 வருடக் குத்தகையில் வைத்திருக்கின்றன. ஆகவே லயன் காம்பராவுக்குப் பணம் கொடுத்து வெறுந்தாளில் எழுதி வாங்குபவருக்குத் தரையும் சொந்தமில்லை, தரை பிளந்தால் வழக்காடும் உரிமையும் இல்லை. உறுதியோடு விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் தோட்டத்தை ஒட்டிய துண்டுக் காணிகளும் பட்டணத்து வீடுகளும்.

அங்கும் சட்டம் முழுத் துணை அல்ல. நாட்டின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டம் மறைந்திருக்கும் குறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் குறையை வாங்குபவர் பார்த்தே வாங்கினார் என்று கொள்ளும். சாய்ந்த தரை தெரிந்த குறையா, அதன் அடியில் நகரும் மலை மறைந்த குறையா? இரு பக்கமும் வாதாட இடமுண்டு. புதுப் பூச்சால் மூடப்பட்ட பிளவு என்றால் வாங்குபவரின் வாதம் வலுப்பெறலாம். அதை நிரூபிக்கப் பூச்சுக்கு முந்திய படமோ சாட்சியோ தேவை.

2011 முதல் மண்சரிவு அபாய மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுகிறது. இந்த ஏற்பாடு கட்டட அனுமதியோடு பிணைந்தது. 2011க்கு முன் எழுந்த வீடு கைமாறும் தருணம் பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியே நிற்கிறது. ஆபத்து அதிகம் உள்ள வீடுகள் பழையவை. அறிக்கை கேட்கப்படுவதோ புதியவற்றுக்கு.

தீராதவை

விடைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. சாய்வின் அளவைவிட, சாய்வு இன்னும் வளர்கிறதா என்பதே தீர்மானிக்கும் கேள்வி. பழைய அமர்வு 30 மில்லிமீற்றர் இருந்தாலும் வாழலாம். ஒரு மழைக்காலத்தில் புதிதாக 5 மில்லிமீற்றர் விலகிய தரையில் படுத்துறங்குவது ஆபத்து. ஆனால் வாங்குபவர் வீட்டை ஒருமுறையோ இருமுறையோதான் பார்க்கிறார், அதுவும் பெரும்பாலும் வெயில் நாளில். வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுவது, வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தில் பதித்து அது உடைகிறதா என்று பார்ப்பது, மே மாத மழைக்கு முன்னும் பின்னும் நீர்க்குழாயால் அளப்பது எல்லாம் எளிய வழிகள். அவற்றுக்குத் தேவையான காலத்தை விற்பவர் தருவாரா என்பது வேறு.

பதில் கிடைக்காத கேள்விகளும் உண்டு. களிமண்ணில் அடுக்கிய கருங்கல் லயனுக்கு எந்த அமர்வு எல்லை பொருந்தும்? பிற நாட்டுக் கட்டடங்களில் பெற்ற எண்ணை இங்கே பயன்படுத்துவது ஊகமே. மலை நகர்கிறது என்ற அறிக்கை வந்த வீட்டின் விலை சரியும்போது, வேறு சொத்தில்லாத குடும்பத்துக்கு அந்த இழப்பை யார் ஈடு செய்வது? தோட்டத் தொழிலாளருக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டமும் சரிவை வெட்டி நிரப்பித்தான் மட்டம் காண்கிறது; அந்தத் தரைகள் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

இவற்றுள் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அபாய மாவட்டங்களில் பழைய வீடு விற்கப்படும்போதும் மதிப்பீட்டு அறிக்கை உறுதியோடு இணைக்கப்பட வேண்டும் என்று விதித்தால், வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கும் நிலை மாறும். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. முற்பணம் கொடுப்பதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள். அயல் வீடுகளின் தரையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.